வால் இல்லாத சொற்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆங்கில இலக்கணத்தைப் பற்றி ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் எழுதினால் பொருத்தமாக இருக்கும். இயற்பியல் படிப்பவனுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் அச்சான இயற்பியல் நூலைக் கையில் எடுக்கிறவனுக்குப் பாதி இயற்பியல், பாதி ஆங்கிலம் என்றுதான் பாடம் அமைகிறது. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தழுவி நிற்கிறது என்று தெரியாவிட்டால் நியூட்டனும் கைகொடுக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்துகொள்ள ஆள் இல்லாதவன், தன் ஐயங்களைத் தானே சுமந்துகொண்டு நூலகத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிச் சுமந்து சென்ற ஓர் ஐயத்தின் கதையே இக்கட்டுரை.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் ஒரு விதியை எழுதிப் போட்டார். பெயரைச் சிறப்பிப்பது பெயரடை. வினையைச் சிறப்பிப்பது வினையடை. பெயரடையின் பின்னால் ‘லி’ என்னும் வாலை ஒட்டினால் வினையடை கிடைக்கும். ‘ஸ்லோ’ என்றால் மெதுவான; ‘ஸ்லோலி’ என்றால் மெதுவாக. ‘கிளியர்’ என்றால் தெளிவான; ‘கிளியர்லி’ என்றால் தெளிவாக. எங்கள் வகுப்புக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. காரணம், தமிழிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ‘வேகம்’ என்ற சொல்லோடு ‘ஆன’ சேர்ந்தால் ‘வேகமான வண்டி’; ‘ஆக’ சேர்ந்தால் ‘வேகமாக ஓடியது’. நம்முடைய ‘ஆக’வுக்கு நேராக அவர்களுடைய ‘லி’ என்று ஒரு சமன்பாடு போட்டுக்கொண்டால் கணக்கு முடிந்தது. சமன்பாட்டைப் போல மாணவனுக்கு நிம்மதி தருவது வேறு ஏது?

அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. ‘ஃபாஸ்ட்’ என்று ஒரு சொல் வந்தது. ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’ என்றால் வேகமான ரயில். ‘தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் ரயில் வேகமாக ஓடுகிறது. விதிப்படி இரண்டாவது இடத்தில் ‘ஃபாஸ்ட்லி’ என்றல்லவா வரவேண்டும்? இன்றைய ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் வழக்கிலேயே இல்லை. ‘ஹார்ட்’ என்ற சொல்லும் அப்படியே. ‘ஹார்ட் ஒர்க்’ என்றால் கடினமான உழைப்பு. ‘ஒர்க் ஹார்ட்’ என்றால் கடினமாக உழை. லேட், ஹை, லோ, ஃபார், ஸ்ட்ரெய்ட், டீப் என்று இந்தக் கூட்டம் நீண்டுகொண்டே போகிறது. தேர்வு அறிவிப்பில் பத்து மணி ‘ஷார்ப்’ என்று போடுகிறோமே, அந்த ‘ஷார்ப்’பும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ‘ஃபிரண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’ ஆகியவற்றுக்கு வால் இருக்கிறது. ஆனாலும் அவை வினையடைகள் அல்ல, பெயரடைகள். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘எர்லி’ ஆகியவையோ வாலோடு இருந்துகொண்டே இரண்டு வேலையும் பார்க்கின்றன. டெய்லி பேப்பர் என்கிறோம். அது டெய்லி வருகிறது என்றும் சொல்கிறோம். ஆக, வாலைப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது என்பது தெளிவாயிற்று.

வினையடைகளில் வாலில்லாதவற்றை ஆங்கில இலக்கணக்காரர்கள் ‘ஃபிளாட் அட்வெர்ப்’ என்று அழைக்கிறார்கள். பள்ளியில் இவற்றை ‘விதிவிலக்குகள்’ என்ற தலைப்பின்கீழ் மனப்பாடம் செய்தோம். கல்லூரிக்கு வந்த பிறகு நம் ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம், “ஐயா, இந்தச் சொற்கள் மட்டும் ஏன் விதிக்கு அடங்குவதில்லை?” என்று கேட்டேன். “அவை விதிவிலக்கு என்று உனக்கு யார் சொன்னது? அவை வேறொரு விதிக்கு அடங்கியவை. அந்த விதி இதைவிடப் பழையது” என்று கூறி, நூலகத்தில் ஆங்கில மொழி வரலாறு பற்றிய நூல்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினார். இயற்பியல் நூல்களுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருந்த அந்த அலமாரிப் பக்கம் நான் அதுவரை போனதில்லை.

அங்கே படித்தறிந்தது இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பெயரடையோடு ‘எ’ என்னும் ஒரு சிறு ஒலியைச் சேர்த்து வினையடையை உண்டாக்கினார்கள். அன்று ‘ஃபேஸ்ட்’ என்பது பெயரடை. ‘ஃபேஸ்டெ’ என்பது வினையடை. இன்றைய ‘ஹார்ட்’, ‘டீப்’ ஆகியவற்றின் முன்னோர்களும் அவ்வாறே ‘எ’ சேர்த்துக்கொண்டு வினையடையாயின. அதாவது அவற்றுக்கும் அன்று வால் இருந்தது. ஓர் எழுத்து அளவான சின்ன வால். காலப்போக்கில் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் நின்ற ‘எ’ ஒலி தேய்ந்தது. 1400-இல் மறைந்த சாசர் என்னும் கவிஞரின் பாட்டில், ஓசைக்காக அந்த ஒலியை இன்றும் பல இடங்களில் சேர்த்துப் படிக்கிறார்கள். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளின் வாயில் அது அடியோடு மறைந்துபோயிற்று. வால் உதிர்ந்ததும் பெயரடையும் வினையடையும் ஒரே முகமாகிவிட்டன.

அப்படியானால் ‘லி’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘லீக்’ என்ற சொல்லுக்கு உடல், வடிவம் என்று பொருள். ‘நண்பனின் வடிவுடைய’ என்பது போலப் பெயர்ச்சொல்லோடு அதைச் சேர்த்துப் பெயரடைகளை ஆக்கினார்கள். ‘ஃபிரண்ட்லி’ இன்றும் பெயரடையாகவே இருப்பதன் காரணம் இதுதான். அத்தகைய பெயரடையோடும் அதே ‘எ’யைச் சேர்த்து வினையடை ஆக்கினார்கள். இறுதி ‘எ’ தேய்ந்து, பழைய முறையில் அடையாளம் அழிந்துபோன பிறகு, இந்த நீண்ட உருவமே வினையடைக்கு உரிய அடையாளமாகப் பரவிற்று. அதுவே இன்றைய ‘லி’. ஆகவே நாம் ‘விதி’ என்று படித்தது பின்னால் ஓங்கியது. ‘விலக்கு’ என்று படித்தது முன்பிருந்ததன் மிச்சம். அன்றாடம் வாயில் புழங்கிய சொற்கள் பல தம் பழைய உருவத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. ஆங்கிலமே தெரியாத எங்கள் வீட்டில் அது நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல். அப்பா கைத்தறி நெசவாளர். வீட்டின் முன்கட்டில் குழித்தறி. அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். சாயப்பட்டறையிலிருந்து நூல் வந்து இறங்கும்போது அப்பா கேட்கும் முதல் கேள்வி, “ஃபாஸ்ட் கலர்தானே?” என்பதாகும். தண்ணீர் பட்டாலும் வெயில் பட்டாலும் சாயம் போகக்கூடாது. அதுதான் அப்பா அறிந்த ‘ஃபாஸ்ட்’. பள்ளியில் நான் படித்ததோ வேறு. விரைந்து போனால் அது ‘ஃபாஸ்ட்’. போகாததும் ஃபாஸ்ட், விரைந்து போவதும் ஃபாஸ்ட் என்றால் இது என்ன விந்தை? சின்ன வயதில் அப்பாவிடம் இதைக் கேட்டபோது, “நீ ரயிலைச் சொல்ற, நான் நூலைச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு நாடாவை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

உண்மையில் இருவர் சொன்னதும் ஒரே சொல்தான். அப்பா சொன்னதே மூத்த பொருள். ‘ஃபாஸ்ட்’ என்பதன் பழம்பொருள் உறுதியான, அசையாத என்பது. துணியை இறுகப் பற்றிக்கொண்டு விடாத சாயம் ‘ஃபாஸ்ட் கலர்’. ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்றால் இறுகப் பிடித்துக்கொள். ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அசையாத உறக்கம். நோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லும், கொண்ட விரதத்தை உறுதியாகப் பற்றி நிற்றல் என்ற கருத்தில் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். வினையடையாக வந்தபோது, உறுதியாக என்ற பொருள் வலுவாக என்று விரிந்தது. வலுவாக ஓடுதல், தளராமல் ஓடுதல் என்று வழங்கி, கடைசியில் விரைவாக ஓடுதல் என்று நிலைபெற்றது. வினையடை பெற்ற இந்தப் புதுப்பொருளையே பின்னர்ப் பெயரடையும் எடுத்துக்கொண்டது. ‘விரைவான’ என்ற பொருளைப் பொறுத்தவரை வினையடை தாய், பெயரடை சேய். பெயரடையிலிருந்தே வினையடை பிறக்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது புதுச் செய்தியாக இருந்தது.

வாலில்லாத சொற்களுள் சில, பிற்காலத்தில் வாலுள்ள உருவம் ஒன்றையும் பெற்றன. அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. இரண்டு உருவங்களும் இரண்டு பொருளாகப் பிரிந்துவிட்டன. ‘லேட்’ என்றால் காலங்கடந்து. ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘நியர்’ என்றால் அருகே. ‘நியர்லி’ என்றால் ஏறத்தாழ. ‘ஷார்ட்லி’ என்பதற்குக் குட்டையாக என்று பொருள் இல்லை. விரைவில் என்று பொருள். பறவை ‘ஹை’ ஆகப் பறக்கிறது; அறிஞரை ‘ஹைலி’ ஆக மதிக்கிறோம். இவற்றுள் எல்லாம் ஆழமான பள்ளம் ‘ஹார்ட்’ என்பதற்கும் ‘ஹார்ட்லி’ என்பதற்கும் இடையில் இருப்பது. ‘ஹார்ட்லி’ என்பதற்கும் ஒரு காலத்தில் வலிமையோடு என்ற பொருள் இருந்தது. பிறகு அது சிரமப்பட்டு என்றாயிற்று. சிரமப்பட்டுச் செய்வது அரிதாகத்தானே நடக்கும்? ஆகவே, அரிதாக என்றாகி, இன்று ‘அநேகமாக இல்லை’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் பாடுபட்டு உழைக்கிறான். ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை.

இது வெறும் தேர்வு வினா அல்ல என்பதை நான் சென்ற ஆண்டு கண்ணால் கண்டேன். தறிக்கு ஜக்கார்டு பெட்டி வாங்குவதற்காக அப்பா வங்கியில் கடன் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. மேலாளர் வெளிமாநிலத்தவர், மனு ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி விட்டு நான் போய்ச் சேர்வதற்குள், கடைவீதியில் மனு எழுதி அடித்துத் தருகிற ஒருவரிடம் அப்பா விவரம் சொல்லித் தாளையும் கையில் வாங்கியிருந்தார். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. தாளை வாங்கிப் படித்தேன். ‘முப்பது ஆண்டுகளாகக் கைத்தறியில் கடினமாக உழைத்து வருகிறேன்’ என்று அப்பா சொன்ன வரி, ‘ஐ ஹேவ் ஹார்ட்லி ஒர்க்ட்’ என்று தொடங்கியது.

“அண்ணே, இந்த ஹார்ட்லியை மட்டும் மாத்தணும்” என்றேன்.

“ஏன் தம்பி? சரியாத்தானே இருக்கு. ஒர்க் வினைச்சொல். வினைச்சொல்லுக்கு லி போட்டுத்தான் ஆகணும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?” என்றார் அவர்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குச் சொல்லித் தந்த அதே விதியைத்தான் அவருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள்; அதை அவர் மறக்காமல் வைத்திருக்கிறார். அவருடைய மேசையில் கிடந்த பழைய அகராதியை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசாமல் வேறு தாளில் அடித்துக் கொடுத்தார். அந்தத் தாளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா, “என்னப்பா தப்பு?” என்று கேட்டார்.

“முப்பது வருசமா நீங்க தறியில உக்காரவே இல்லைங்கற மாதிரி எழுதியிருந்ததுப்பா.”

“அப்படி எவ்வளவு மாத்தி எழுதிட்டாரு?”

“ரெண்டே எழுத்துதான் அதிகம்.”

அப்பா நின்றுவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “முப்பது வருசத்தையும் ரெண்டு எழுத்து தின்னுபோடுமா?” என்றார்.

மனு போயிற்று, சில மாதங்களில் கடனும் கிடைத்தது. ‘லி’ நீங்கியதால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. மேலாளர் அந்த வரியைப் படித்தாரோ இல்லையோ. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தால், உழைத்தே அறியாதவன் என்று அப்பா தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கொடுத்தவர் ஆகியிருப்பார்; அப்படி எழுதிக் கொடுத்ததும் அவருக்குத் தெரிந்திராது. தமக்குப் புரியாத மொழியில் அச்சான தாள்களில் நம் பெற்றோர் எத்தனை கையெழுத்துகள் இட்டிருக்கிறார்கள்! அவற்றில் என்னென்ன இருந்தனவோ! வீட்டில் ஒருவன் ஆங்கிலம் படிப்பதன் பயன், பிறரிடம் ஆங்கிலம் பேசிக் காட்டுவதில் இல்லை. அப்பா கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்ப்பதில் இருக்கிறது என்று அன்று உணர்ந்தேன்.

வாலில்லாத சொற்களை ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ‘எக்ஸ்ட்ரீம் கோல்ட்’, ‘எக்ஸீடிங் குட்’ என்று கற்றவர்களும் தாராளமாக எழுதினார்கள். அடுத்த நூற்றாண்டில் இலக்கண நூல்கள் பெருகின. பின்னாளில் இலண்டன் நகரின் பிஷப் ஆன ராபர்ட் லோத், 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில், பெயரடையை வினையடையாக வழங்குவது பிழை என்று கண்டித்தார். பெயர்பெற்ற எழுத்தாளர்களின் வாக்கியங்களையே எடுத்துக்காட்டிக் குற்றம் கூறினார். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லிண்ட்லி மரே 1795-இல் எழுதிய இலக்கண நூல், பல்லாண்டுகள் இரு நாட்டுப் பள்ளிகளிலும் பாடநூலாக இருந்து, இத்தகைய விதிகளை மாணவர்களின் மனத்தில் ஊன்றியது. அதன் விளைவாக, இருந்த சொற்களுக்கெல்லாம் வால் ஒட்டும் வேலை மும்முரமாக நடந்தது. வாலில்லாமல் எழுதுகிறவன் படிக்காதவன் என்ற எண்ணமும் வேரூன்றியது.

அந்த எண்ணம் இன்னும் முற்றிலும் போகவில்லை. நம் சாலைகளில் பள்ளிக்கூடம் வருமிடத்தில் ‘கோ ஸ்லோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘ஸ்லோலி’ என்று எழுதத் தெரியவில்லையே என்று சிரிப்பவர்கள் உண்டு. ‘ஸ்லோ’ என்பதை வினையடையாக ஷேக்ஸ்பியரே ஆண்டிருக்கிறார். இன்றைய அகராதிகளும் அதை ஏற்கின்றன. 1997-இல் அமெரிக்காவின் ஆப்பிள் கணினி நிறுவனம் ‘திங்க் டிஃபரண்ட்’ என்று விளம்பரம் செய்தபோது, ‘டிஃபரண்ட்லி’ என்பதே சரி என்று பலர் வாதிட்டார்கள். இதற்காக எந்தச் சொல்லிலும் வாலை வெட்டிவிடலாம் என்று முதலாண்டு நண்பர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். ‘ஸ்பீக் கிளியர்லி’ என்றுதான் எழுத வேண்டும்; ‘ஸ்பீக் லவுட் அண்ட் கிளியர்’ என்பது வழக்கில் நிலைத்த தொடர். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை அகராதியில்தான் பார்க்க வேண்டும்.

நம் அறிவியல் பாடங்களில் இது எங்கெங்கே உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியலில் ‘ஃப்ரீ ஃபால்’ என்கிறோம். ‘ஃப்ரீலி ஃபாலிங் பாடி’ என்றும் சொல்கிறோம். முதலில் உள்ள ‘ஃபால்’ பெயர்ச்சொல், வீழ்ச்சி. ஆகவே அதன் முன்னால் பெயரடை. இரண்டாவதில் ‘ஃபாலிங்’ என்பது விழுகின்ற என்ற செயல், ஆகவே வினையடை. பேருந்தில் குழந்தைகள் ‘ஃப்ரீ’ ஆகப் போகிறார்கள் என்றாலோ, கட்டணமின்றிப் போகிறார்கள் என்று பொருள். தடையின்றி என்பதற்குத்தான் ‘ஃப்ரீலி’. வேதியியல் ஆய்வகத்தில் ‘ஹீட் ஸ்ட்ராங்லி’ என்று எழுதுகிறோம். ஆனால் ‘தி சொல்யூஷன் டர்ன்ஸ் ப்ளூ’ என்றுதான் எழுதுகிறோம்; ‘ப்ளூலி’ என்று யாரும் எழுதுவதில்லை. இங்கே ‘ப்ளூ’ வினைச்சொல்லின் பின்னால் நின்றாலும் வாலில்லாத வினையடை அன்று. அது கரைசலின் நிறத்தைச் சொல்கிறது. மாறிய விதத்தைச் சொல்லவில்லை. ‘தி ஸ்டோன் ஃபீல்ஸ் ஹார்ட்’ என்பதில் கல் கடினமானது, அது பெயரடை. ‘பிரஸ் ஹார்ட்’ என்பதில் அழுத்துவது வலிமையாக, அது வினையடை. ஆகவே ஒரு சொல் வாலின்றி வந்தால், ‘நீ யாரைப் பற்றிப் பேசுகிறாய், பொருளைப் பற்றியா, செயலைப் பற்றியா?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அது ஒன்றே தேர்வு.

இவ்வளவையும் படித்தபின், இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணியிருந்தேன். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம் தமிழ்ப் பேராசிரியர் உரிச்சொல்லை நடத்தியபோது அந்த எண்ணமும் கலைந்தது. தொல்காப்பியர் உரியியல் என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். பெயரோடும் வினையோடும் சேர்ந்து அவற்றின் பண்பை உணர்த்துவது உரிச்சொல். சால, உறு, தவ, நனி ஆகியவை மிகுதி என்னும் பொருளைத் தருவன. ‘நனிபேதை’ என்று பெயரையும் தழுவும்; ‘நனி மகிழ்ந்தான்’ என்று வினையையும் தழுவும். ‘ஆன’வும் வேண்டியதில்லை, ‘ஆக’வும் வேண்டியதில்லை.

பழந்தமிழுக்குப் போவானேன்? வீட்டுத் தமிழைக் கவனித்தாலே போதும். “கொஞ்சம் சோறு போடும்மா” என்கிறோம். “கொஞ்சம் நகர்ந்து உட்காரு” என்கிறோம். “நிறையப் பேர் வந்தார்கள், நிறையப் பேசினார்கள்” என்கிறோம். “சும்மா பேச்சுதான்” என்கிறோம். “சும்மா இரு” என்று அதட்டுகிறோம். கொஞ்சம், நிறைய, சும்மா ஆகிய மூன்றும் உருவம் மாறாமல் பெயருக்கும் வினைக்கும் உழைக்கின்றன. இதில் எது பெயரடை, எது வினையடை என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை; நாம் ஒரு நாளும் தடுமாறியதும் இல்லை. ஆங்கிலேயப் பிள்ளைக்கு ‘ஃபாஸ்ட்’டும் ‘ஹார்ட்’டும் அப்படித்தான் போலும். நாம் அவற்றைக் கண்டு மிரள்வதற்குக் காரணம் நமக்கு அறிவு குறைவு என்பதன்று. அவை நமக்குப் புத்தகத்தின் வழியே வந்தன, அவர்களுக்கு அடுப்படியின் வழியே வந்தன, அவ்வளவுதான். தமிழ் வழியில் படித்துவிட்டு வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் முதலாண்டுத் தம்பி தங்கையர்க்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்த ஆண்டு தேர்வில் வென்றால் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று ஒரு வால் ஒட்டும். எங்கள் குடும்பத்தில் அது முதல் வால். தறிக்குழியில் இறங்கி முப்பது ஆண்டுகள் மிதித்த அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இருந்தும், சாயம் போகுமா போகாதா என்று நூலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிறார். வால் வருகிறது என்று எனக்கு மகிழ்ச்சிதான். அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் ஞானி அல்லன். ஆனால் வால் இல்லாததைக் கண்டு, வேலையும் தெரியாது என்று முடிவுகட்டும் வழக்கத்தை மட்டும் இந்தச் சொற்கள் என்னிடமிருந்து போக்கிவிட்டன.

ஏப்ரல் தேர்வு நெருங்குகிறது. நண்பர்களே, தேர்வு அறைக்கு யாரும் லேட்டாக வர வேண்டாம். ஹார்டாகப் படிப்போம், ஃபாஸ்டாக எழுதுவோம். கவனித்தீர்களா? ஆங்கிலேயர் வாலில்லாமல் விட்டுவைத்த மூன்று சொற்களுக்கும், தமிழுக்குள் வந்தவுடன் ‘ஆக’ என்று நாமே ஒரு வாலை ஒட்டிவிட்டோம்!